விசா மச்சம்

காலை நீட்டச் சொன்னார்கள்.

அவள் நீட்டவில்லை.

உப்பளக் கொட்டகையின் நடுவே பழைய சேலை ஒன்று மறைப்பாகத் தொங்கியது. முகம் படத்தில் விழக்கூடாது என்று பெண்களே கேட்டு வாங்கிய மறைப்பு.

அந்தப் பக்கம் நர்ஸ் பிள்ளை. கையில் போன். போனின் முதுகில் சின்னதாய் ஒரு கண்ணாடி வில்லை. பேரைச் சொல்லி, சேலைக்கு அடியில் பாதத்தை நீட்டினால் போதும். உள்ளங்காலைப் படம் எடுத்து மதுரைக்கு அனுப்புவார்கள். அங்கே ஒரு டாக்டர் பார்த்து, தோலில் புற்றுநோய் இருக்கிறதா என்று சொல்லிவிடுவாராம்.

சொல்வார். யாரிடம் சொல்வார்?

கங்காணி ஓடி ஓடி நாற்காலி எடுத்துப் போடுகிறான். வந்தவர்களுக்குக் கலர் சோடா உடைத்துக் கொடுக்கிறான். குடிதண்ணீர் பீப்பாய்க்கே பூட்டுப் போடுகிற ஆள்.

போன வருஷம் கண் முகாமிலும் இப்படித்தான் சிரித்துக்கொண்டு நின்றான். கண்ணில் புரை என்று எழுதிக் கொடுத்த இரண்டு பேருக்கும் மறுவாரமே வேலை இல்லை. வீட்டில் இருந்து உடம்பைப் பாருங்கள் என்று ரொம்ப அக்கறையாகச் சொல்லி அனுப்பினான். அந்த அக்கறையை நினைத்தால் இப்போதும் அவளுக்கு வயிறு எரிகிறது.

அவள் குதிகாலில், வெடிப்புக்குப் பக்கத்தில், ஒரு கருப்பு இருந்தது. மெழுகை உருக்கி ஊற்றிப் பார்த்தாள். போகவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டுதான் உப்புப் பாத்திக்குள் இறங்குவாள். யாருக்கும் காட்டியதில்லை. இந்த வேலையும் போனால் வீட்டில் உலை வைக்க வழியில்லை.

பக்கத்தில் தங்கபுஷ்பம் உட்கார்ந்திருந்தாள். புருஷனின் தங்கை. தன் காலைக் காட்டவே மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

தங்கபுஷ்பத்தின் உள்ளங்காலில் இருந்தது மச்சம்.

பிறவி மச்சம் இல்லை, பிற்பாடு வந்தது. வந்த மாசமே அவள் புருஷனுக்கு மஸ்கட் விசா கிடைத்தது. அன்றிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் அது விசா மச்சம். அது கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதானபோது மாமியார் சுற்றிப் போட்டு, ஊருக்குச் சொல்லாதே என்றாள். அதைப் போய் நோய் தேடுகிற கண்ணாடிக்குக் காட்டுவார்களா? கண் பட்டுவிடாதா?

அடுத்து யார் என்று மறைப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

அவள் தன் பேரைச் சொன்னாள். சொல்லிக்கொண்டே தங்கபுஷ்பத்தின் காலைப் பிடித்து, சேலைக்கு அடியில் மெல்லத் தள்ளினாள்.

தங்கபுஷ்பம் திகைத்தாள். பிறகு புரிந்துகொண்டு அவள் காதருகே சிரித்தாள்.

"பேரு ஒங்க பேருதான மதினி. கண்ணு பட்டா ஒங்களுக்குத்தான் படும்."

படட்டும். அவளுக்கு வேண்டியது நோயில்லாத ஒரு கால். வீட்டிலேயே ராசியான காலைத்தான் கொடுத்திருக்கிறாள்.

அந்தப் பக்கம் போன் ஒரு தடவை சத்தம் கொடுத்தது.

அடுத்த வாரம் நர்ஸ் பிள்ளை வேனில் வந்து இறங்கினாள். கூடவே குடை பிடித்துக்கொண்டு கங்காணி.

அவள் பேரைச் சொல்லிக் கேட்டுப் பாத்திக்கே வந்துவிட்டார்கள். உடனே மதுரைக்குக் கிளம்ப வேண்டுமாம். காலில் இருப்பதை வெட்டி எடுத்துச் சோதிக்க வேண்டுமாம். இப்போதே பார்த்தால் பிழைத்துக்கொள்ளலாம், தள்ளிப்போட்டால் அது காலோடு நிற்காது என்று டாக்டர் சொன்னாராம்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

குறையில்லாத காலுக்கே நோய் கண்டுபிடித்துவிட்டார்கள். அப்படியென்றால் அவள் நினைத்தது சரிதான். ஆளைக் கழித்துக்கட்டத்தான் இந்தக் கண்ணாடியும் கலரும் நாற்காலியும். இவள் அதற்கெல்லாம் ஏமாறுகிற ஆளா?

வரமாட்டேன் என்றாள். கங்காணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவன் முகத்திலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை.

நர்ஸ் பிள்ளை போனை அவள் முன்னால் நீட்டினாள்.

திரை முழுக்க உள்ளங்கால். நடுவில் மச்சம். ஆயிரம் தடவை பார்த்த மச்சம்தான். விசா வந்த அன்றைக்குத் தொட்டுக் கண்ணில்கூட ஒற்றிக்கொண்டாள். இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

அது வட்டமாக இல்லை. பாத்தித் தண்ணீரில் மோட்டார் டீசல் சிந்தியதுபோல ஓரமெல்லாம் இழுத்துக்கொண்டு கிடந்தது. ஓரிடத்தில் கருப்பு. ஓரிடத்தில் நீலம். நடுவே வெளுத்து ஒரு திட்டு.

அவள் போனைத் தன் பக்கம் இழுத்து மறுபடியும் பார்த்தாள்.

இதைக் கங்காணி எப்படிச் செய்திருக்க முடியும்?

தூரத்தில், உப்புப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தங்கபுஷ்பம் வரப்பில் வந்துகொண்டிருந்தாள். வெறுங்கால். பின்னால் வருகிறவளிடம் ஏதோ கேலி பேசிக்கொண்டு வந்தாள்.

நர்ஸ் பிள்ளை வேனைக் காட்டி அவசரப்படுத்தினாள். கங்காணி குடையைத் தாழ்த்திக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்டபடி நின்றான். அவள் வாயைத் திறந்தால் ஆள் மாற்றிக் காட்டியது தெரிந்துவிடும். ஏன் மாற்றிக் காட்டினாள் என்பதும் தெரிந்துவிடும்.

பயமாக இருந்தது. அவன்மேல் இருந்த சந்தேகம் கொஞ்சமும் குறையவில்லை.

அவள் வரப்பில் உட்கார்ந்தாள். குதிகாலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். உப்பில் ஊறி இறுகிப்போன முடிச்சு, நகத்தால் நெம்ப வேண்டியிருந்தது.

வெயிலில் கருப்பு நன்றாகத் தெரிந்தது.

"இதுதான் எங் காலு," என்றாள்.

பிறகு கையை நீட்டி வரப்பைக் காட்டினாள்.

"அந்தக் காலு, அந்தா நடந்து வருது."