ஒரே ஒரு ஸ்டார்

"உன் வேலையக் கேட்டுத்தான் ரெண்டு வரனும் போயிடுச்சி. இவங்ககிட்டயாவது வாயத் திறக்காதம்மா" என்று சொல்லித்தான் ஜீவிதாவை மாடிக்கு அனுப்பினாள் அம்மா சங்கரி.

அங்கே, கூரம் ஊரிலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை ஆனந்தராஜ் காத்திருந்தான்.

"லீவு நாள்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"கம்ப்யூட்டர்ல ஒரு சீட்டு கேம் ஆடுவேங்க. இருட்டுக் கோட்டை, வாசலுக்கு ஒரு பேய். சீட்டு சேர்த்துக்கினே போய் சண்டை போடணும். செத்தா எல்லாம் போயிடும், மறுபடி முதல்லருந்து ஆடணும்."

"நல்லா இருக்குதா?"

"மட்டமான கேமுங்க. கடைசிப் பேயை ஜெயிக்கவே முடியல. அதை வாங்கின சைட்லயே ஒரே ஒரு ஸ்டார் குடுத்து, 'இதைச் செஞ்சவனுக்கு நெஞ்சுல ஈரமே இல்ல'ன்னு எழுதிட்டேன்."

"முந்நூறு மணி நேரம் ஆடிட்டா?"

ஆனந்தராஜ் திகைத்தான். "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"நீங்க எழுதினதுக்குப் பக்கத்துலயே எத்தனை மணி நேரம் ஆடினீங்கன்னு போட்டிருந்துச்சி. அதைச் செஞ்சது நான்தாங்க."

ஆனந்தராஜ் மெல்லக் கேட்டான்: "அப்ப அந்தப் பேயை எப்படிங்க ஜெயிக்கறது?"

இறங்கி வந்தவளைச் சங்கரி கவலையோடு பிடித்துக்கொண்டாள். "சொல்லிட்டியாடி? என்ன சொல்றாரு?"

"திட்றாரும்மா. ஆனா விட்டுட்டுப் போற ஆளு இல்ல. சரின்னு சொல்லிடு."