நண்பகல் சமையல்

ஏணியின் கடைசிப் படியில் நின்று கூரைக்கு மேலே தலையை நீட்டினாள்.

அடுப்பு அங்கே இருந்தது.

பளபளக்கும் புகையில்லா அடுப்பு. அவளுடைய ஐந்து வருட ஆராய்ச்சி. காற்று கூரைத் தகரத்தைத் தூக்கிவிடாமல் இருக்க, கல்லுக்குப் பதிலாக வைத்திருந்தார்கள்.

உள்ளே விறகு இல்லை. சாம்பல்கூட இல்லை.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. அடுப்புக்குள் அவள் பொருத்தியிருந்த சென்சார் செய்தி அனுப்பியிருந்தது.

வீடு பதினேழு. சமையல் நடக்கிறது.

“போன் போடாம வந்துட்டியே தாயி” என்றாள் மாரிக்கனி. வீட்டுக்காரி. கீழே ஏணியைப் பிடித்திருந்தாள். “சொல்லியிருந்தா எறக்கி வச்சிருப்போம்ல.”

“எப்பவும் எறக்கித்தான் வைப்பீங்களாக்கா?”

“ஒங்க வேன் வருதுன்னா எறக்கிருவோம். பாலக் காய்ச்சித் தருவோம். நீயுந்தான குடிச்ச.”

குடித்திருக்கிறாள். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறாள். வேனில் வந்த வெளிநாட்டுக்காரர்கள் அந்தப் பாலைப் படம் எடுத்தார்கள்.

“அப்ப சமையல்?”

“பழைய அடுப்புதான். வெறக ஜாண் ஜாணா நறுக்கி இதுக்கு ஊட்டிவிட எவளுக்கு நேரமிருக்கு? தூக்கிப் போட்டுருப்போம். நீ சங்கடப்படுவியேன்னு வச்சிருக்கோம். படிக்கிற புள்ள.”

அவள் போனை மறுபடி பார்த்தாள்.

உள்ளே சூடு நாற்பத்தைந்து டிகிரியைத் தாண்டினால் அடுப்பு எரிகிறது என்று கணக்கு. அந்த எண்ணை வைத்தது பேராசிரியர் இல்லை. அவள்தான். ஏசி ஓடும் ஆய்வுக்கூடத்தில், குளிருக்குத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு.

தகரக் கூரைக்குக் கீழே பிறந்து வளர்ந்தவள்.

தினமும் பதினொரு மணிக்கு எல்லா வீட்டின் வரைபடத்திலும் கோடு ஏறும். மூன்றரைக்கு இறங்கும். இவர்கள் நண்பகலில், ஒரே தடவையில், நெடுநேரம் சமைக்கிறவர்கள் என்று ஆய்வுக் கட்டுரையில் எழுதினாள். பண்பாட்டுக் காரணங்கள் என்று நாலு பக்கம். மழைக்காலத்தில் கோடு எழவே இல்லை. ஈர விறகு என்று எழுதினாள்.

அவளுடைய அம்மா விடியுமுன் உலை வைத்து, ஏழு மணிக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலைக்கு நிற்கிறவள். இவள் இருபது வருடம் பார்த்திருக்கிறாள். எழுதும்போது ஒருநாளும் நினைவுக்கு வரவில்லை.

அந்த நாலு பக்கத்தைத்தான் வெளிநாட்டு இதழில் பாராட்டினார்கள்.

போன் அடித்தது. பேராசிரியர்.

“என்னம்மா, ரீடிங் எடுத்தாச்சா? எண்பத்தாறு பர்சென்ட் நாள் சமைக்கிறாங்கன்னு போட்டுடவா? நாளைக்கு பணம் குடுக்கிற வெளிநாட்டுக்காரங்க மீட்டிங். ஓகே ஆச்சுன்னா ஆப்பிரிக்கால மூணு நாட்டுக்குப் போகுது. நாப்பதாயிரம் அடுப்பு.”

“சார், அடுப்பு கூரைமேல இருக்கு.”

“என்னது?”

“கூரைமேல. வெயில்ல காயுது. அதத்தான் நம்ம ஆப் சமையல்ங்குது.”

போனில் அவருக்குப் பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. கோப்பைகள் உரசும் சத்தம்.

“சரி, அந்த வீட்ட எடுத்துடு. அறுபதுல ஒண்ணு போனா ஒண்ணும் ஆகாது.” குரலைத் தாழ்த்தினார். “வெள்ளிக்கிழமை உன் தீசிஸ் கடைசி நாள். இத விட்டா இன்னும் ரெண்டு வருஷம். உங்க வீட்ல தாங்குவாங்களா? யோசிச்சுக்கோ.”

தாங்க மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும்.

தகரத்தின் சூடு முகத்தில் அடித்தது. ஊரே வெயிலில் வெளுத்துக் கிடந்தது. பக்கத்துக் கூரையில் ஏதோ பளிச்சிட்டது. அதற்கடுத்த கூரையிலும். கோயில் பக்கம் வரிசையாக.

அவளுக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. ஏணியில் உட்கார இடமில்லை.

“ஒரு வீடுதானேம்மா?” என்றார் பேராசிரியர்.

கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டாள்.

“ரெண்டு சார்” என்றாள்.

“மூணு.”

“நாலு.”