அப்பாவுக்கு ஆகாத மாத்திரை

“ஐயோ, அதை அப்பா வாயில போட்டுடாதீங்க!”

மகள் போட்ட கூச்சலில் மருமகன் கையிலிருந்த சளி மாத்திரை எகிறி, சோபாவுக்கு அடியில் உருண்டு ஓடியது. விஷம் கொடுத்துக் கையும் களவுமாகப் பிடிபட்டவன் போல அவன் முழித்தான்.

“மூணு நாளா மாமா தும்மிக்கிட்டே இருக்காரேன்னு, நான் எப்பவும் போடற மாத்திரையைத்தான்...”

“கல்யாணமான புதுசுலயே சொன்னேனே, மறந்துட்டீங்களா? அப்பாவுக்கு ரத்தத்துல ஒரு என்சைம் பிறவியிலேயே கம்மி. ஆகாத மருந்து உள்ள போனா சிவப்பணு பொலபொலன்னு உடைஞ்சுடும். அட்டைக்குப் பின்னாடி என்ன கலந்திருக்குன்னு படிச்சீங்களா? ஆஸ்பிரின்! டாக்டரைக் கேட்காம இதெல்லாம் கொடுக்கவே கூடாது.”

கம்பளிக்குள் இருந்து ஒரு தும்மல் அதை ஆமோதித்தது. அப்பா தீயணைப்பு நிலைய அதிகாரி. ஏழாவது மாடியில் வீடு எரிந்தாலும் ஏணி போட்டு முதல் ஆளாக நுழைகிறவர். அவருக்காக அந்த வீட்டுக்குள் மாத்திரை வாசமே வந்ததில்லை. சிரப் குடிப்பார், ஆவி பிடிப்பார், ஊசி என்றால் சட்டைக் கையை அவரே மடித்துவிடுவார்.

“எங்க ஸ்டேஷன் ஸ்டோர்கீப்பருக்கும் இதே கதைதான் மாப்ளே. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. தெரியாத்தனமா எதையோ முழுங்கிட்டு, கண்ணெல்லாம் மஞ்சள், ஒண்ணுக்கு டீ டிகாஷன் கலர்ல போச்சு. ரத்தம் ஏத்தித்தான் பிழைக்க வெச்சாங்க. நான்தான் கூட இருந்தேன்” என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

கூடத்து மூலையில் அம்மாவின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் ரவிக்கை தைக்கிறவள், இப்போது மகளின் ஐந்து மாத வயிற்றில் இருக்கும் வாரிசுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள்.

மகள் கைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்தாள்.

“அப்பா விஷயத்தைச் சொன்னதும் டாக்டரம்மா எனக்கும் மரபணு டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க. பிறக்கறது பையனா இருந்தா முன்கூட்டியே ஜாக்கிரதையா இருக்கலாமாம். ரிசல்ட் வந்துடுச்சு. எனக்கு அது இல்லியாம்.”

“அடடா, நல்ல சேதிதானே!” என்று மருமகன் துள்ளினான்.

“நல்ல சேதிதான்.” மகளின் குரல் இறங்கியது. “ஆனா, அப்பாவுக்கு இருந்தா பொண்ணுக்கு அந்த ஜீன் வந்தே தீருமாம். தப்பவே தப்பாதாம். ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டாங்க.”

மெஷின் நின்றது.

மருமகன் மாமனாரைப் பார்த்தான். மாமியாரைப் பார்த்தான். பிறகு, பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டவன் போல மின்விசிறியைப் பார்த்தான்.

“டாக்டரம்மா வேற எதுவும் சொல்லல. ‘வீட்ல பெரியவங்ககிட்ட பேசிடுங்க’ன்னாங்க, அவ்ளோதான்.” மகளின் கண்கள் நிறைந்துவிட்டன. “ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கலம்மா.”

அம்மாவுக்கு விளங்க அரை நிமிடம் ஆனது. விளங்கியதும் கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு எழுந்து நின்றாள்.

“எல்லாரும் எதுக்கு என்னைப் பார்க்கறீங்க?”

மருமகன் மறுபடியும் மின்விசிறியிடம் தஞ்சம் புகுந்தான்.

“இருபத்தெட்டு வருஷம்! எந்த வீட்டுக்குப் போனாலும், எந்த டாக்டரைப் பார்த்தாலும், ‘இவருக்கு மாத்திரை ஆகாது’ன்னு முந்திக்கிட்டுச் சொன்னவ நான். கடைசில எனக்கு இந்தப் பேரா? உன் மூக்கு அவர் மூக்கு. உன் பிடிவாதம் அவர் பிடிவாதம். உன் குறட்டை அப்படியே அவர் குறட்டை. இதுக்கு மேல என்னடி டெஸ்ட்டு?”

“குறட்டை விஷயம் நிஜம்தான்” என்று மருமகன் மின்விசிறியிடம் முணுமுணுத்தான்.

அப்பா தொண்டையைச் செருமினார். “லேப்ல ஏதாவது மாத்தி கீத்தி...”

“ரெண்டு தடவப்பா!”

“அப்ப உங்க பழைய ரிப்போர்ட்டை எடுங்க மாமா. டாக்டர்கிட்ட காட்டிடுவோம்” என்றான் மருமகன்.

“அதுவா? அது பீரோவுல...”

“பீரோ சாவி என் இடுப்புல இருக்கு. அப்படி ஒரு பேப்பரை நான் கண்ணால பார்த்ததில்ல” என்றாள் அம்மா. “நாளைக்குக் காலைல எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போறோம். உங்களுக்கும் எடுக்கட்டும், எனக்கும் எடுக்கட்டும். அதுவரைக்கும்... நீங்க என்கூடப் பேச வேணாம்.”

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்துவிட்டது. மனைவியின் குரல் உடைந்து அப்பா இதுவரை கேட்டதே இல்லை.

கம்பளியை உதறிவிட்டு எழுந்தார். நெருப்புக்குள்ளிருந்து எத்தனையோ பேரைத் தோளில் தூக்கி வந்தவருக்கு, தையல் மெஷின் வரை நாலு அடி நடப்பது பெரும்பாடாக இருந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இவளை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. ஸ்டோர்கீப்பருக்கு அந்த வியாதி நிஜம். எனக்கு அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. நான் டெஸ்ட்டே எடுத்ததில்ல.”

“பின்ன எதுக்குப்பா இத்தனை வருஷமா இப்படிச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க?”

பெரிய மீசை ஒருமுறை துடித்தது. மருமகனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு சின்னக் குரலில் சொன்னார்:

“எனக்கு மாத்திரை முழுங்க வராதும்மா.”