விருந்தாளிக்கென்று வைத்த எண்ணெய்

அலமாரியில் இருந்த ஆலிவ் எண்ணெய் புட்டிக்குக் காலையிலிருந்தே படபடப்பு. மேலே அச்சிட்ட காலாவதித் தேதிக்கு இன்னும் இரண்டே நாள்தான். விருந்தாளி வந்தால் திறக்கலாம் என்று வீட்டுக்காரி சுகந்தி வைத்திருந்தாள். இன்று விருந்தாளி வந்துவிட்டார்.

தோசைக்கல் காய்ந்தது. சுகந்தியின் கை நீண்டு, புட்டியைத் தாண்டிப் போய், நல்லெண்ணெயை எடுத்தது.

"ஏம்ப்பா, உன்னை இன்னும் கூப்பிடலையா?" என்று சீண்டியது தோசைக்கல்.

"ஆம்லெட்டுக்கு எடுப்பாங்க, பாரேன்."

ஆம்லெட்டும் நல்லெண்ணெயிலேயே வெந்தது.

விருந்தாளி கிளம்பும்போது ஒரு பரிசு கொடுத்தார். அதுவும் ஆலிவ் எண்ணெய்தான். சுகந்தி அதைப் பழைய புட்டியின் பக்கத்திலேயே வைத்தாள்.

"அண்ணே, நம்மளை எப்போ திறப்பாங்க?" என்றது புதுசு.

பழைய புட்டி தன் தேதியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது.

"விருந்தாளி வரட்டும், தம்பி."