லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர்

"பூட்டு சாவி கொண்டு போறதுக்கு இந்த மனுஷனுக்கு லாரி கேட்குதா?"

ஜன்னல் திரையை விலக்கியபடி கேட்டாள் கணக்கு டீச்சர். வெளியே, வழியில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது ஒரு புது வண்டி. தாராளமாக எட்டுப் பேர் உட்காரலாம். வாங்கியவரோ எதிர்வீட்டுப் பூட்டு ரிப்பேர்காரர். ஒண்டிக்கட்டை.

சக்கர நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் சிரித்தார். "அவர் வண்டி, அவர் பெட்ரோல். உனக்கு ஏம்மா வயிறு எரியுது?"

"எரியாம என்னங்க செய்யும்? அவர் வச்சிருந்த சின்ன கார் லிட்டருக்கு இருபத்திரண்டு கொடுத்துச்சு. இது ஏழு கொடுத்தா அதிசயம். இதுக்கு அரசாங்கம் வரித் தள்ளுபடி வேற! வண்டி எடை கூடக் கூடத் தள்ளுபடியும் கூடுமாம். சிக்கனமா ஓடுற வண்டிக்கு மட்டும் முழு வரி. இது என்ன கணக்குன்னு எனக்கே புரியலை."

அன்று சாயங்காலமே பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினாள். இந்தச் சலுகையால் வருஷத்துக்கு எத்தனை லிட்டர் வீணாகிறது என்று புள்ளி பிசகாமல் கணக்குப் போட்டாள். அதோடு விட்டிருக்கலாம். 'தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு, தனி ஆள் ஒருவர் எட்டு இருக்கை வண்டி வாங்கியதை என் கண்ணாலேயே பார்த்தேன்' என்று ஒரு வரியையும் சேர்த்து அனுப்பிவிட்டாள்.

கணவர் எலக்ட்ரீஷியன். வேலை செய்யும்போது ஏணியிலிருந்து விழுந்து இரண்டு வருஷமாக நடையில்லை. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் ஆஸ்பத்திரியில் பயிற்சி.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த வாடகைக் கார் டிரைவர், நாற்காலியைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இதை ஏத்தினா சீட்டு கிழிஞ்சிடும்மா. வேற வண்டி பார்த்துக்கோங்க."

பதிலுக்குக்கூடக் காத்திராமல் கிளம்பிப் போய்விட்டார். டீச்சர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கையில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

"ஆஸ்பத்திரிக்கா டீச்சர்? நானும் அந்தப் பக்கம்தான் போறேன். அண்ணனைக் கூட்டிட்டு வாங்க."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் வண்டியின் பின்கதவைத் தூக்கினார். உள்ளேயிருந்து ஒரு சாய்வுப் பலகையை இழுத்துத் தரையில் இறக்கினார். நாற்காலி கணவரோடு அப்படியே உருண்டு உள்ளே போனது.

"பலகையெல்லாம் வச்சிருக்கீங்களே!"

"ரிப்பேருக்கு இரும்புப் பெட்டிங்க வரும்ல டீச்சர். அதை ஏத்தறதுக்கு."

வெள்ளிக்கிழமையும் அவருக்கு அந்தப் பக்கமே வேலை இருந்தது. அடுத்த செவ்வாயும். அதற்கடுத்த வாரமும். டீச்சர் பெட்ரோலுக்குப் பணம் நீட்டினால், "எப்படியும் போற வண்டிதானே" என்று கையைத் தள்ளிவிடுவார்.

முன்பெல்லாம் ஆஸ்பத்திரி போகிற நாளில் கணவர் வாயே திறக்க மாட்டார். இப்போது வழியெல்லாம் பேச்சு. "தம்பி, அந்த விளக்குக் கம்பம் பார்த்தீங்களா? நான் ஒயர் இழுத்தது!" என்று ஜன்னல் வழியே காட்டிக்கொண்டு வந்தார். பயிற்சி நன்றாக வேலை செய்கிறது என்று டீச்சருக்கு மனசு நிறைந்தது. ஆனால் பெட்டியில் போட்ட கடிதத்தை நினைத்தால் மட்டும் நெஞ்சுக்குள் ஒரு குறுகுறுப்பு.

ஆறாவது வாரம் கடிதம் அச்சில் வந்தே விட்டது. பேப்பரும் கையுமாக எதிரே வந்து நின்றார் பூட்டுக்காரர். 

"பிரமாதமா எழுதியிருக்கீங்க டீச்சர். நியாயமான கேள்வி. தள்ளுபடியைச் சின்ன வண்டிக்குத்தான் கொடுக்கணும்" என்றவர், கொஞ்சம் நிறுத்திச் சிரித்தார். "அந்தத் தனி ஆளைக் கேட்டாலும் அதையேதான் சொல்வான்."

சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் தொழிலுக்குக் கிளம்பிவிட்டார். மன்னிப்புக் கேட்கக்கூட இடம் கொடுக்கவில்லை.

மத்தியானம் கார் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து அழைப்பு மணியை அடித்தார். கையில் ஒரு கவர்.

"எதிர்வீடு பூட்டியிருக்கு மேடம். சாரோட வண்டிப் பதிவுப் புத்தகம். வந்ததும் கொடுத்திடறீங்களா?"

வாங்கிக்கொண்ட டீச்சருக்கு மனசு ஆறவில்லை. "ஏங்க, தனி ஆளுன்னு தெரிஞ்சும் தள்ளுபடியைக் காட்டி இவ்வளவு பெரிய வண்டியை அவர் தலையில கட்டிட்டீங்களே?"

"ஐயோ மேடம், நான் சின்ன வண்டிதான் காட்டினேன். சார் மைலேஜே கேட்கலை. கையில டேப் வச்சுக்கிட்டு ஒவ்வொரு வண்டியோட பின்கதவையும் அளந்தாரு. இது ஒண்ணுதான் அவர் சொன்ன உயரத்துக்குச் சரியா வந்துச்சு. தள்ளுபடி உண்டுங்கிறதே நான் சொல்லித்தான் தெரியும். அதுல மிச்சமானதை அப்படியே சாய்வுப் பலகைக்குக் கொடுத்திட்டாரு."

"இரும்புப் பெட்டி ஏத்தறதுக்குத்தானே அது?"

"இரும்புப் பெட்டியா?" அவர் விழித்தார். "இல்லை மேடம், தெரிஞ்ச அண்ணன் ஒருத்தருக்காம், நடக்க முடியாதவராம். கார்ல உட்கார வைக்க டிரைவருங்க அவரை மூட்டை மாதிரித் தூக்கும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கிறாராம். 'அவர் வீட்டம்மா அந்த நேரம் குனிஞ்சு நாற்காலியை மடக்கிட்டிருப்பாங்க, பாவம், அவங்க பார்த்ததில்லை. நான் பார்த்துட்டேன். இனிமே அவரை யாரும் தூக்கக் கூடாது'ன்னாரு."