தலையைத் தூக்காதீங்க அத்தான்

"தலை, அத்தான், தலை. தூக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

காலை ஏழு மணிக்கு அந்தக் குரல் கோல்ஃப் மைதானம் முழுக்கக் கேட்டது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் பெண் கோச்சுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திட்டு வாங்கியவர் முப்பது வருஷம் விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிளப்பில் எல்லோருக்கும் அவர் கேப்டன். திட்டியவர் அவருடைய மனைவியின் தம்பி, ஹார்டுவேர் கடைக்காரர். மைதானத்தில் அவருக்குப் பெயர் லவுட்ஸ்பீக்கர். அக்கா புருஷன் என்ற மரியாதை மருந்துக்கும் கிடையாது. மைதானத்தைச் சுற்றும் பேட்டரி வண்டியின் ஸ்டியரிங்கைக்கூடக் கேப்டனைத் தொட விடமாட்டார்.

புதிதாக ஆட வருகிறவர்கள் செய்கிற தப்பெல்லாம் கோச்சுக்கு அத்துப்படி. மட்டையைக் கழுத்தை நெரிப்பது போலப் பிடிப்பார்கள். அடிப்பதற்கு முன்பே, பந்து எங்கே போகிறதென்று தலையைத் தூக்குவார்கள். ஆனால் அடித்து முடித்த பிறகும் குனிந்தே நிற்பது அவள் கணக்கில் அதைவிடப் பெரிய தப்பு. கழுத்து பிடித்துக்கொள்ளும்.

கேப்டன் ஆறு மாதமாக அப்படித்தான் நிற்கிறார். புல்லைப் பார்த்தபடியே, "எங்கே போச்சு?" என்று மச்சினரைக் கேட்பார். அவர் வழி காட்டிய பிறகுதான் நடப்பார்.

இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று கோச் கேப்டன் அருகே போனாள்.

"கேப்டன், இந்த ஒரு தடவை நான் சொல்றபடி செய்யுங்க. அடிச்சதும் நிமிர்ந்து பந்தைப் பாருங்க."

"வேண்டாம் மேடம்," என்று மச்சினர் பதறினார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

கேப்டன் அடித்தார். நிமிர்ந்தார். அருமையான அடி. பந்து நேராகப் போய்க் குழியில் நட்டிருந்த கொடிக்குப் பக்கத்தில் விழுந்தது.

"எங்கே போச்சு, பாத்தீங்கல்ல?" கோச்சுக்குப் பெருமை தாங்கவில்லை.

கேப்டன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தூரத்தைத் துழாவினார். "இடது பக்கம். மரத்துகிட்ட," என்றார்.

கோச் வாயைத் திறப்பதற்குள் மச்சினர் முந்திக்கொண்டார். "மரத்துகிட்டயேதான். தலையைத் தூக்கினா இப்படித்தான் ஆகும். நீங்க வண்டியில உக்காருங்க அத்தான், பந்தை நான் பாத்துக்கறேன்."

கேப்டன் வண்டிப் பக்கம் நடந்ததும் கோச் பொரிந்து தள்ளினாள். கொடிகிட்ட விழுந்த பந்தை மரத்துகிட்ட என்று சொல்ல எப்படி மனசு வந்தது, ஒரு மனுஷனை மட்டம் தட்டுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா என்று கேட்டாள்.

ஊருக்கே கேட்கிற அந்தக் குரல், இப்போது பக்கத்தில் நின்ற கோச்சுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அவருக்கு இருபதடிக்கு அப்பால எதுவும் தெரியறதில்ல மேடம். வைத்தியமும் இல்லையாம். ஒளிச்சு வெச்சிருந்த டாக்டர் சீட்டை அக்கா பாத்துட்டா. அவரா சொல்லல, நாங்களும் கேட்டுக்கல. பைலட்டா இருந்தவர். கண்ணு போச்சுன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா, அன்னைக்கே ஆட்டத்தை விட்டுட்டு வீட்டுல முடங்கிடுவார். குனிஞ்சே நின்னா, பந்து தெரியலையான்னு யாரும் கேக்க மாட்டாங்கல்ல?"



அடுத்த குழிக்குக் கேப்டன் மட்டையோடு வந்து நின்றார். மச்சினர் தொண்டையைச் செருமுவதற்குள், நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி இன்னொரு குரல் கேட்டது.

"தலை, கேப்டன், தலை. தூக்காதீங்க. பந்தை நாங்க பாத்துக்கறோம்."