குரங்குக்கு ஒரு சீப்பு

"பிள்ளை தும்முதும்மா!"

தோட்டக் கணக்கெழுதும் கிராணியின் வீட்டு வாசலில் மூச்சிரைக்க நின்றான் இருசப்பன். பிறந்து ஒரு மாதம் நிறையாத தலைப்பிள்ளை அவன் கையில் சுகமாய்க் கிடந்தது.

"தும்மாம பின்ன பாட்டா பாடும்?" என்றாள் கிராணி ராஃபேலின் மனைவி மாடில்டா. படித்தது கான்வென்ட்டில், நாக்கோ சிலிப்பாடி ஊசிமிளகாய். "முந்தாநாள் விக்குதுன்னு வந்தே. நேத்து பால் கக்குதுன்னு வந்தே. நாளைக்குக் கொட்டாவி விடுதுன்னு வருவியா?"

"பயமா இருக்குதும்மா."

"கேட்டுக்கோ. இதெல்லாம் பிள்ளைங்க செய்யிற வேலைதான். உடம்பு சுட்டா, பால் குடிக்காம துவண்டு கிடந்தா, நெஞ்சு குழி விழுந்து மூச்சு வாங்கினா, அன்னைக்கு ஓடி வா. மாசம் நிறையாத பிள்ளைக்குக் காய்ச்சல்னா கைவைத்தியம் கிடையாது, ஆஸ்பத்திரிதான். அதுவரைக்கும் இந்த வாசப்படி மிதிச்சே, விளக்குமாறுதான்!"

வரிசை வீடுகளில் கேட்டுக்கொண்டிருந்த லயமே சிரித்தது.

அடுத்த வாரம் தோட்டத்தை ஒட்டிய காட்டோரத்தில் கம்யூனிஸ்டுகளைத் தேடிப் பட்டாளம் இறங்கியது. பகலிலும் ஊரடங்கு. முள்வேலியைத் தாண்டினால் சுடுவார்கள்.

அன்று மதியம் பிள்ளை அழவேயில்லை.

"இன்னைக்காவது தூங்குதேலா, எழுப்பாத," என்றாள் பக்கத்து வீட்டு வேலம்மா.

இருசப்பன் தொட்டுப் பார்த்தான். கொதித்தது. அவன் மனைவி கலாவதி மாரில் போட்டும் பிள்ளை வாய் திறக்கவில்லை. வாரிக்கொண்டு கிராணி வீட்டுக்கு ஓடினான். கலாவதி பின்னாலேயே ஓடினாள்.

மாடில்டா கன்னத்தைத் தொட்டாள். முகம் மாறிற்று. "லோரியை எடுக்கச் சொல்லுங்க!"

"சாலையில லோரியப் பார்த்தா பட்டாளத்தான் சுட்டுடுவான்," என்றார் ராஃபேல். "போன் கம்பியையும் கம்யூனிஸ்டுங்க அறுத்துட்டானுங்க."

மாடில்டா ஆபீஸ் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "கலாவதி, விடாம பால் கொடுத்துப் பாரு. எனக்கு அடுப்புல குழம்பு கொதிக்குது," என்று விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

பிள்ளை கிடக்கிற கிடையில் இவளுக்குக் குழம்பா பெரிசு என்று பொருமினான் இருசப்பன்.

அப்போதுதான் கம்யூனிஸ்டு வந்தால் பட்டாளத்தைக் கூப்பிட ஆபீஸ் பின்புறத்தில் கட்டியிருந்த ஆபத்து மணி அலறியது. நிற்காமல் அலறியது. லயத்து ஜனம் கட்டிலுக்கடியில் பாய்ந்தது. சற்று நேரத்தில் கவச வண்டி புழுதி பறக்க உள்ளே வந்தது.

கம்யூனிஸ்டு ஒருவனும் இல்லை. வெள்ளைக்கார அதிகாரியின் முகம் சிவந்தது. மணியை வீணாய் அடித்தவனுக்குச் சிறை என்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாக் கண்ணும் இருசப்பன்மேல் திரும்பியது.

மாடில்டா கைகளை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தாள். ஆங்கிலம் சரளமாய்ப் பொழிந்தது.

"என்னங்கய்யா சொல்றாங்க?" என்று கேட்டான் இருசப்பன்.

"குரங்கு கயித்துல தொங்கி ஆடுச்சாம்," என்றார் ராஃபேல், தரையைப் பார்த்தபடி. "வந்தது வந்துட்டீங்க, வண்டி வெறுமனேயா திரும்பணும், இந்தப் பிள்ளைய ஏத்திட்டுப் போங்கன்றா."

அதிகாரி பிள்ளையைப் பார்த்தார். மணியை மறந்தார்.

கோலா சிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குக் கவச வண்டியில் போன முதல் பிள்ளை அதுதான். "நேரத்தோட கொண்டுவந்தீங்க," என்றார் டாக்டர். சில நாளில் பிள்ளை முட்டி முட்டிப் பால் குடித்து, அப்பன் சட்டையை நனைத்து, லயத்தையே கூட்டும்படி கத்திக்கொண்டு திரும்பி வந்தது.

இருசப்பன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கிராணி வீட்டுக்குப் போனான். குழம்பு பெரிசென்று அவள் அன்று போனதைக் குத்தாமல் இருக்க முடியவில்லை.

"இது உங்களுக்கு இல்லம்மா. என் பிள்ளைக்காக மணியடிச்ச குரங்குக்கு."

"அதுக்கென்ன, கொடு. அதுகிட்ட சேர்த்துடுறேன்," என்று மாடில்டா கைகளை நீட்டினாள்.

இரண்டு உள்ளங்கையிலும் மணிக்கயிறு அறுத்த காயம் இன்னும் ஆறவில்லை.